ஷபீ பாயின் ஆறு சதுர அடி

ஆம்பூரில் ஷபீ அஹமது அளந்த தோலை இன்னொருவர் அளந்து பார்ப்பதென்றால், அது நாலு பேர் நடுவில் அவர் சட்டையைப் பிடிப்பதற்குச் சமம். இருபத்தாறு வருடமாக அப்படித்தான். பதனிட்டுச் சாயம் ஏற்றி மெருகு போட்ட தோல்கள் வண்டி வண்டியாக முதலாளி ஜியாவுதீன் சாப்பின் அளவைக் கூடத்துக்கு வரும். ஷபீ ஒவ்வொன்றாக விரித்து மிஷினுக்குள் விடுவார். ஆட்டுத் தோல் என்ன சதுரமாகவா பிறக்கிறது? கழுத்து ஒரு பக்கம் நீளும், கால் நாலு பக்கம் இழுக்கும். அந்தக் கோணல்மாணலையெல்லாம் மிஷின் ஓடுகிற ஓட்டத்தில் கூட்டி, இத்தனை சதுர அடி என்று தோலின் பின்பக்கம் ஓர் எண்ணைக் குத்தித் தள்ளும். விற்கிற தோல்காரரும் அந்த எண்ணைத்தான் நம்புவார், வாங்குகிற ஷூ கம்பெனியும் அதைத்தான் நம்பும்.

சரி, மிஷினை யார் நம்புவது? அதற்குத்தான் ஷபீயிடம் ஓர் அளவுத் தோல் இருந்தது. இரண்டடி அகலம், மூன்றடி நீளம், ஆறு சதுர அடி. தினமும் காலையில் பிஸ்மில்லா சொல்லி முதலில் அதைத்தான் மிஷினுக்குள் விடுவார். ஆறு என்று காட்டினால் வேலை தொடங்கும். முடியளவு கூடக் குறையக் காட்டினாலும், திருகாணியைத் திருப்பி மிஷினை ஆறுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் வேறு தோலைத் தொடுவார். மிஷினோடு வந்த பிளாஸ்டிக் ஷீட் உடைந்துபோனபோது, நல்ல கெட்டித் தோலாகப் பொறுக்கி, அவரே ஸ்கேல் வைத்து வெட்டியது அது. தோலை அளக்கத் தோல்தான் சரி என்பது அவர் கட்சி. ஈரம் பட்டால் தோல் ஊறிவிடுமே என்று, உலர்த்தும் அறையை ஒட்டினாற்போல் இருந்த சூடான அலமாரியில் துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்.

இப்படிப்பட்டவரின் அளவு தப்பு என்று ஒருத்தி எழுதிவிட்டாள்.

பெயர் ஹேமலதா. குடியாத்தத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனி ஒன்றில் உள்ளே வரும் தோலைச் சரிபார்க்கும் வேலை. சில மாதங்களாகவே ஷபீயின் முத்திரை போட்ட சரக்கு வந்தால் நூற்றுக்கு மூன்று குறைகிறது என்று கணக்காக எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாள். தோல்காரர்கள் கொதித்துப்போனார்கள். "மாமூல் எதிர்பார்க்குது அந்தப் பொண்ணு. குடுக்கல, அதான் கம்மி எழுதுது" என்று ஒருவர் ஆரம்பிக்க, ஒரே வாரத்தில் அது ஊர்ப் பேச்சாகிவிட்டது. எல்லோருக்குமாக ஜியாவுதீன் சாப் கம்பெனி மேனேஜர் டேனியலிடம் புகார் கொடுத்தார். சனிக்கிழமை விசாரணை. ஷபீ நேரில் வந்து தன் அளவு சரி என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் ஹேமலதாவுக்கு வேலை போகும். புருஷனுக்குத் தறியில் கை நசுங்கி ஒரு வருடமாக வீட்டோடு இருப்பதால் அவள் சம்பளம் ஒன்றில்தான் அந்த வீடு ஓடுகிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

திங்கட்கிழமை காலை அவளே வந்து நின்றாள். தோளில் ஒரு பெரிய பை. அதில் ஷபீயின் முத்திரை போட்ட பத்துத் தோல்கள். கூடத்தில் சரக்கோடு காத்திருந்த தோல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சண்ட போட வரல பாய். எனக்குப் புரியல, அதான் வந்தேன். இத நீங்க எப்டி அளக்கறீங்கன்னு பாக்கணும்."

ஷபீக்கு முகம் சிவந்துவிட்டது. இருந்தாலும் அலமாரியிலிருந்து அளவுத் தோலை எடுத்து வந்து மிஷினுக்குள் விட்டார். ஆறு. பிறகு அவள் கொண்டுவந்த பத்தையும் விட்டார். பத்திலும் பழைய எண்ணே அட்சரம் பிசகாமல் வந்தது.

"பாத்தியாம்மா? இப்ப இன்னா சொல்ற?"

அவள் குனிந்து மிஷினின் அடியைப் பார்த்தாள், பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள், சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். திருடுகிறவள் இப்படித் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பாளா என்று ஷபீக்கே ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை உடனே தள்ளிவிட்டார்.

"ஒரு தபா என் மிஷின வந்து பாத்துட்டுச் சொல்லுங்க பாய்" என்றாள்.

போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் மனுஷனுக்கு அரிப்பு எடுத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவளிடம் இருந்தது மிஷினோடு வந்த பிளாஸ்டிக் ஷீட். அதை விட்டாள். ஆறு. அதே பத்துத் தோல்களை விட்டாள். ஒவ்வொன்றும் ஷபீயின் எண்ணைவிடக் கொஞ்சம் கொஞ்சம் குறைவாக வந்தது. இவர் மிஷினும் ஆறை ஆறு என்கிறது, அவள் மிஷினும் ஆறை ஆறு என்கிறது. தோல் மட்டும் பஸ் ஏறி வருவதற்குள் எப்படிச் சின்னதாகும்? ஷபீ ஆயுளில் இப்படி ஒரு கூத்தைக் கண்டதில்லை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அதுதான் இல்லை. சுற்றிலும் கம்பெனி ஆட்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்களே என்ற ரோஷத்தில், நெஞ்சில் கை வைத்து உரக்கச் சொன்னார். "நான் நாப்பது வயசுல ஹஜ் போய்ட்டு வந்தவன். அளவுல பொய் வெக்கறவன அல்லா உட மாட்டான். பொய் யார்கிட்ட இருக்கோ அவங்கள வெள்ளிக்கிழமைக்குள்ள அவனே காட்டிக்குடுக்கட்டும்."

கடவுளுக்கே கெடு வைத்த மனுஷன்.

ஹேமலதா கண்கலங்கவில்லை, கத்தவும் இல்லை. "சரி பாய். நானும் அதத்தான் வேண்டிக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தோல்களை மடித்துப் பையில் வைத்தாள்.

புதனும் வியாழனும் ஷபீக்கு வேலையே ஓடவில்லை. ஈரக் காற்றில் தோல் உப்பிவிடுமோ என்று ஒரே தோலைக் காலையில் ஒரு முறை, வெயில் ஏறின பிறகு ஒரு முறை அளந்தார். வித்தியாசம் ஒன்றுமேயில்லை என்று சொல்லலாம். கரண்ட் ஏறி இறங்கினால் மிஷின் பிசகுமா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டார். பிசகாது என்றான். அந்தப் பெண் தோலின் ஓரத்தை நறுக்கிவிடுகிறாளோ என்று பத்துத் தோலின் விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்தது ஞாபகம் வந்தது. நறுக்கின தடம் எங்கேயும் இல்லை. அவள் பொய் சொல்கிறாள் என்று நினைத்தால் மனது சமாதானமாக வேண்டும். ஆகவில்லை. பேஜாராகப்போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காகக் கூடத்தை மூடியதும், மறுநாள் டேனியல் முன்னால் விரித்துக் காட்டுவதற்காக அளவுத் தோலை வீட்டுக்கு எடுத்து வந்தார். தொழுகை முடித்து வந்து சோறும் தால்சாவும் சாப்பிட உட்கார்ந்தார். அவர் மனைவி ஜஹீருன்னிசா அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். தோலைச் சுற்றியிருந்த துணியைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இந்தக் கந்தையில சுத்தியா மேனேஜர்கிட்ட எடுத்துட்டுப் போவீங்க? நல்ல துணியா ஒரு உறை தெச்சுத் தர்றேன். அளவு இன்னா?"

"ரெண்டுக்கு மூணு. ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?"

தையல்காரியிடம் வாயால் சொன்ன அளவு எடுபடுமா? அவள் கழுத்தில் தொங்கின டேப்பை எடுத்துத் தோலின் மேல் வைத்தாள். இன்னொரு முறை வைத்தாள்.

"ரெண்டடின்னா இருபத்தி நாலு இஞ்சு. இது இருபத்தி மூணரைதான் வருது."

"ஒழுங்கா வெச்சுப் பாரு."

"ஒழுங்காத்தான் வெக்கறேன். நீளமும் அர இஞ்சு கம்மி. முப்பத்தஞ்சரை."

ஷபீ சிரித்தார். "உன் டேப்பு பழசு. இழுத்து இழுத்து நீண்டுபோயிருக்கும்."

அவள் பீரோவிலிருந்து போன மாதம் வாங்கிய புது டேப்பை எடுத்தாள். இருபத்து மூன்றரை. ஷபீ கையைக் கழுவிக்கொண்டு, சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு, பக்கத்துத் தெரு தச்சரிடம் போய் இரும்பு டேப்பை இரவல் வாங்கி வந்தார். தரையில் மண்டி போட்டு அவரே வைத்துப் பார்த்தார். இருபத்து மூன்றரை. திருப்பி வைத்தார். முப்பத்தைந்தரை. டேப்பின் நுனிக் கொக்கி தேய்ந்திருக்குமோ என்று அதையும் உற்றுப் பார்த்தார். தேயவில்லை.

இத்தனை வருடத்தில் அந்தத் தோலை அவர் ஒரு தரம்கூட டேப் வைத்துப் பார்த்ததில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? அதுதானே மற்றதையெல்லாம் பார்க்கிறது.

மெல்ல மெல்ல அவருக்கு எல்லாம் விளங்கியது. ஈரம் படக்கூடாது என்று சூட்டிலேயே வைத்துக் காத்தாரே, அந்தச் சூட்டில் தோல் காய்ந்து காய்ந்து கடுகளவு கடுகளவாகச் சுருங்கியிருக்கிறது. மிஷின் தினமும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆறுக்குக் குறைகிறது என்று அது காட்டும்போதெல்லாம் இவர்தான் திருகாணியைத் திருப்பி அதன் வாயை அடைத்திருக்கிறார். ஆறு இல்லாத தோலை ஆறு என்று சொல்ல மிஷினைப் பழக்கியிருக்கிறார். பிறகு அது எந்தத் தோலைத்தான் கூட்டிச் சொல்லாது? பிஸ்மில்லா சொல்லிச் சொல்லி ஊருக்கெல்லாம் பொய் அளவு போட்டுக் கொடுத்திருக்கிறார். எந்த மாதத்திலிருந்து என்று அவருக்கே தெரியாது.

நேரே ஜியாவுதீன் சாப் வீட்டுக்குப் போய்த் தோலை விரித்துச் சொன்னார். சாப் கெட்டவர் இல்லை. ரம்ஜானில் வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதவர். அவர் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"வேணும்னு செஞ்சியா ஷபீ?"

"இல்ல சாப்."

"அப்பறம் இன்னா? புது ஷீட் வாங்கிப் போடுவோம். நாளையிலேர்ந்து எல்லாம் சரியாப் போய்டும். இத வெளிய சொன்னா நம்ம கூடத்துக்கு எவன் வருவான்? உன் முத்திரைக்கு அப்பறம் இன்னா மரியாதை?"

"அந்தப் பொண்ணு?"

"டேனியல்கிட்ட நான் பேசறேன். வேலைய உட்டு எடுக்க வேணாம், வேற செக்ஷனுக்குப் போடுங்கன்னு சொல்றேன். நீ நாளைக்கி உன் மிஷின் சரின்னு ஒரு வார்த்த சொல்லு, போதும். நாளைக்கி அது சரியாத்தான இருக்கும்? பொய்யும் இல்ல."

கேட்கக் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் ஷபீ அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். வேண்டுமென்று செய்யவில்லை. நாளை முதல் சரியாகிவிடும். அந்தப் பெண்ணுக்குச் சோறு போய்விடாது. ஐம்பத்தெட்டு வயதில் தெருவில் நடந்தால் கையைக் காட்டிச் சிரிக்கும்படி ஆவதைவிட இது எவ்வளவோ மேல். பயமாக இருந்தது அவருக்கு. வாய்விட்டு அழலாமா என்றுகூட வந்தது.

"இப்ப இன்னா செய்யறது?" என்று மனைவியிடம் கேட்டார்.

ஜஹீருன்னிசா உறைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டிக்குடுன்னு நீங்கதான கேட்டீங்க. இன்னிக்கு வெள்ளிக்கிழம" என்றாள். பிறகு, "உறைய இருபத்தி மூணரைக்கே வெட்டவா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை டேனியலின் அறையில் ஏசி குளிரில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஹேமலதா மட்டும் நின்றுகொண்டிருந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஜியாவுதீன் சாப் ஷபீயைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார்.

"ஷபீ பாய், உங்க மிஷின் அளவு சரிதானா? ஒரே வார்த்தைல சொல்லுங்க, முடிச்சிடலாம்" என்றார் டேனியல்.

ஷபீ எழுந்தார். உறையிலிருந்து தோலை எடுத்து மேஜைமேல் விரித்தார். பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"இல்ல சார். என் அளவுதான் தப்பு. பொண்ணு எழுதினது அத்தனையும் சரி."

ஜியாவுதீன் சாப் கண்ணை மூடிக்கொண்டார். டேனியலே டேப்பை வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்து, "எப்பலேர்ந்து பாய்?" என்று கேட்டார்.

"தெரியல சார். இன்னியிலேர்ந்து ஒவ்வொரு தோல்காரர் ஊட்டுக்கும் நானே போய்ச் சொல்லப்போறேன். இங்க கொஞ்ச நாளா வந்த சரக்கையும் சும்மாவே திருப்பி அளந்து தர்றேன். நம்பறவங்க நம்பட்டும்." பிறகு ஹேமலதா பக்கம் திரும்பினார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. "உன்ன நெனச்சுதாம்மா அன்னிக்கு அப்டிச் சொன்னேன். மாப்பு குடு."

"மூணு மாசமா திருடின்னாங்க பாய்" என்றாள் அவள். "பஸ்ல பக்கத்துல உக்கார மாட்டாங்க. எம் புருஷனே ஒரு நாள் கேட்டுட்டாரு, ஏதாச்சும் வாங்கினியான்னு." இவ்வளவு நாள் வராத அழுகை இப்போது வந்தது. ஷபீ தலையைக் குனிந்துகொண்டு நின்றார். டேனியல்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா. உங்க மேல தப்பு ஒண்ணும் இல்லன்னு நானே எழுதி போர்டுல போடறேன்" என்றார்.

ஹேமலதா உட்காரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேஜைமேல் கிடந்த தோலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விறுவிறுவென்று வெளியே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் அவளுடைய பிளாஸ்டிக் ஷீட் இருந்தது.

"இதையும் அளந்துடலாம் சார்."

"எதுக்கும்மா? உங்களுதுதான் சரின்னு ஆயிடுச்சே."

"பாயும் அவருது சரின்னுதான நெனச்சிட்டிருந்தாரு? நானும் இத ஒரு நாளும் டேப் வெச்சுப் பாத்ததில்ல."

பைத்தியமா இந்தப் பெண் என்று ஜியாவுதீன் சாப் வாயைப் பிளந்து பார்த்தார். அரை இஞ்சு இப்படி அப்படி இருந்தால் இப்போது கிடைத்த நல்ல பெயர் இந்த அறையை விட்டுக்கூட வெளியே போகாது. அது அவளுக்கும் தெரிந்திருந்தது. அப்படியும் டேப்பை இழுத்து ஷீட்டின்மேல் வைத்தாள்.

"அந்த முனைய நீங்க புடிங்க பாய்."

ஷபீ பிடித்தார். குனிந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். யா அல்லா, இந்தப் பொண்ணோட ஷீட்டு சரியா இருக்கணும், ஒரு நூல்கூடக் குறையக் கூடாது என்று அவர் உதடு தானாக முணுமுணுத்தது. தனக்கென்று அன்றைக்கு அவர் எதுவும் கேட்கவில்லை.

"இருபத்தி நாலு" என்றாள் ஹேமலதா. "இப்ப நீளம் பாய். இந்தப் பக்கம் வாங்க."

கண்ணைத் திறக்காமலே தடவிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் பிடித்தார். டேப் நீளுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"முப்பத்தாறு."

அல்ஹம்துலில்லா என்று ஷபீ சொன்னது அறைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.